டிஜெரிடூ ஊதுவாய்க்கு எந்த மெழுகு? மதுரையில் கிடைக்கும் மெழுகுகள் பற்றி ஒரு மதிப்பீடு

ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட ஊதுகுழலான டிஜெரிடூ, மூங்கிலில் செய்ததானால் பெரும்பாலும் ஊதுவாயில் மெழுகு இல்லாமல், அறுத்த விளிம்போடுதான் வாங்குபவரின் கைக்கு வருகிறது. அந்த விளிம்பின் உள்விட்டம் 38 அல்லது 40 மில்லிமீட்டர் இருந்தால் உதடு அதற்குள் தளர்ந்து போய், ஓரங்களில் காற்றுக் கசிந்து, ஆதார ஒலி (குழலின் அடிப்படையான தொடர் ஒலி) நிலைபெறுவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். உள்விட்டத்தை ஏறத்தாழ 30 மில்லிமீட்டருக்குக் குறைத்து, உதடு உறுத்தாமல் அமர்வதற்கு வழுவழுப்பான ஒரு வளையத்தைத் தருவதுதான் மெழுகின் வேலை. ஒரு வளையத்துக்கு 30 முதல் 40 கிராம் போதும். இவ்வளவு சிறிய அளவுதானே, எந்த மெழுகை வைத்தால் என்ன என்று நினைக்கத் தோன்றும். மதுரையில் அந்த நினைப்பு பங்குனி மாதத்தைத் தாண்டாது.

மதுரையில் எளிதாகக் கைக்கு வருபவை நான்கு வகை: மெழுகுவத்திக் கட்டி, இணையத்தில் விற்கும் வெள்ளைத் தேன்மெழுகு மணிகள், கீழமாசி வீதிப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் தேன்மெழுகுக் கட்டி, மலைத்தேன் விற்பவர்களிடம் சொல்லி வைத்து வாங்கும் அடைமெழுகு. நான்கையும் ஒரே மூங்கில் குழலில், ஒரே அளவு வளையமாக வைத்து ஊதிப் பார்த்திருக்கிறேன். நாட்டு மருந்துக் கடைக் கட்டியை வாங்கி, வீட்டில் ஒருமுறை உருக்கிச் சுத்தம் செய்து பயன்படுத்துவதே சிறந்தது என்பது என் முடிவு. விலை குறைவு என்பது அதற்கு ஒரு காரணம்தான். மற்றக் காரணங்கள் வெப்பத்தைச் சார்ந்தவை.

தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில். ஆனால் 35 டிகிரியை ஒட்டியே அது விரலுக்கு இணங்கத் தொடங்கிவிடும். உதட்டின் சூடும் கிட்டத்தட்ட அதே அளவுதான். சித்திரை, வைகாசியில் மதுரையின் பகல் வெப்பமோ 40 டிகிரியைத் தொடும். குளிர் நாடுகளில் டிஜெரிடூ ஊதுபவர்கள் மெழுகு கெட்டியாகி வெடிக்கிறது என்று அதில் சிறிது எண்ணெய் சேர்த்து இளக்கிக் கொள்வதுண்டு. அந்த யோசனையை இங்கே பின்பற்றினால் அரை மணி நேரம் ஊதுவதற்குள் வளையம் சரிந்து, உதட்டின் பதிவைத் தாங்கிக்கொண்டு கோணலாக நிற்கும். நமக்கு வேண்டியது, விரலால் வடிவமைக்கும்போது இணங்கி, அதன் பிறகு நிழலில் இருக்கும் வரை வடிவம் மாறாமல் நிற்கும் மெழுகு. நான்கு வகையையும் இந்த அளவுகோலைக் கொண்டுதான் பார்க்கிறேன்.

மெழுகுவத்திக் கட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அது பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பாரஃபின். பிசைந்தால் சேராமல் உதிரும், மூங்கிலோடு ஒட்டாது, உதட்டில் பிசுபிசுப்பு நிற்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கு, கருவியைச் சுவரில் மாட்டி அழகு பார்ப்பதானால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம் என்பேன்.

வெள்ளை மணிகளின் கதை வேறு. முகப்பூச்சும் உதட்டுப் பூச்சும் வீட்டிலேயே செய்பவர்களுக்காக விற்கப்படும் இவை, நிறமும் மணமும் நீக்கிய தேன்மெழுகு. உண்மையான பொருளாக இருந்தால் ஊதுவாய்க்கு எந்தக் குறையும் இல்லை. மணிமணியாக இருப்பதால் அளந்து உருக்குவதும் எளிது. ஆனால் எனக்கு வந்த பொட்டலத்தின் மேல் ‘நூறு சதவீதம் தூய்மை’ என்று அச்சிட்டிருந்ததே தவிர, உள்ளே இருந்தது அப்படித் தெரியவில்லை. வெந்நீரில் இளக்கிப் பிசைந்தபோது நீளாமல் வெட்டுவெட்டாகப் பிளந்தது. மெல்லிய தகடாக ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது மறுபக்கம் விரல் நிழலாடியது. பாரஃபின் கலந்த மெழுகு இப்படித்தான் கண்ணாடித்தன்மை காட்டும். விற்றவருக்கு எழுதிக் கேட்டதற்கு, இது அழகுசாதனப் பயன்பாட்டுக்கு உரியது என்ற பதில் மட்டும் வந்தது. கையில் எடுத்துக் கீறிப் பார்க்காமல் வாங்க வேண்டியிருப்பதே இணைய விற்பனையில் எனக்குள்ள முதன்மையான குறை. கூடவே, கிராமுக்குக் கிராம் பார்த்தால் கடை விலையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு ஆகிறது.

கீழமாசி வீதியில் நாட்டு மருந்துச் சரக்கு விற்கும் கடைகளில் தேன்மெழுகு எப்போதும் இருக்கும். குதிகால் பித்தவெடிப்புக்குப் பூசும் களிம்புக்காகவே பெரும்பாலானவர்கள் அதைக் கேட்டு வருகிறார்கள். நான் வழக்கமாக வாங்கும் கடையில் கல்லாவுக்குப் பின்னால் கடுக்காய்ச் சாக்குக்கும் வசம்புப் பெட்டிக்கும் நடுவே, பழைய தினசரித் தாளில் சுற்றிய மெழுகுப் பாளம் ஒன்று நிற்கும். சட்டியில் உறைந்த வடிவம் மாறாமல் மேலே தட்டையாகவும் அடியில் உருண்டும் இருக்கும் அதைக் கடைக்காரர் பாக்கு வெட்டியின் பின்புறத்தால் தட்டி உடைத்துத் தராசில் போடுவார். முதல்முறை கேட்டபோது, “பித்தவெடிப்புக்கா தம்பி?” என்றார். “இல்ல அண்ணாச்சி, ஊதுற குழலுக்கு” என்றதும், “நாயனத்துக்கா? அப்ப அடித்துண்டு வேணாம், கசடு நிக்கும். மேல்பக்கமா உடைச்சுத் தர்றேன்” என்று பாளத்தைத் திருப்பினார். அவர் நாகஸ்வரத்தை நினைத்துச் சொன்னாலும் யோசனை டிஜெரிடூவுக்கும் பொருந்தியது. நாகஸ்வரத்தில் விரல் வைக்கும் ஏழு துளைகளுக்குக் கீழே உள்ள துளைகளில் சிலவற்றை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்யும் வழக்கம் இருப்பதால், மெழுகைக் குழலோடு சேர்த்து நினைப்பது இந்த ஊர்க் கடைக்காரருக்குப் புதிதல்ல. சுரைக்குடுக்கையில் இரட்டைக் குழல்களைப் பொருத்தும் மகுடிக்கும் இதே தேன்மெழுகுதான் பிடிமானம்.

பாளத்தின் நிறம் ஒவ்வொரு முறையும் மாறும். ஒருமுறை சந்தன மஞ்சளாகவும், அடுத்த முறை வெல்லத்தின் பழுப்பாகவும் வந்திருக்கிறது. அடை எவ்வளவு பழையது, அதில் மகரந்தமும் பிசினும் எவ்வளவு கலந்திருந்தன என்பதைப் பொறுத்து நிறம் அமைகிறது; கருத்திருப்பது கலப்படத்துக்கு அடையாளம் ஆகாது. மேற்பரப்பில் பூசணம் பிடித்ததுபோல் மெல்லிய வெண்பொடி படிந்திருந்தால் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நாள்பட்ட தேன்மெழுகில் அது இயல்பாக வருவது. துணியால் துடைத்தாலோ லேசாகச் சூடு காட்டினாலோ மறைந்துவிடும். கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனைகள் எளியவை. நகத்தால் கீறினால் மெழுகு சுருளாகச் சுருண்டு வர வேண்டும். பொடியாக உதிரக் கூடாது. உடைந்த முகம் பளபளக்காமல் மங்கிய மணல்தன்மையோடு இருக்க வேண்டும். சுண்டைக்காய் அளவு கிள்ளி விரலிடுக்கில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தால், அது சூடேறி, இழுத்த இழுப்புக்கு நீள வேண்டும். தேன் வாசனை வருகிறதா என்பதைக் கடைசியாகத்தான் பார்ப்பேன், ஏனென்றால் அந்தக் கடைகளில் ஓமமும் திப்பிலியும் கலந்த காற்றில் எதை முகர்ந்தாலும் கஷாய வாசனைதான் வரும்.

இந்தக் கட்டியின் குறை அதன் அழுக்கு. தேனீயின் கால், இறக்கை, அடைத்தூசி, சில சமயம் சாக்கு நார்கூட இருக்கும். வீட்டில் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் மெழுகையும் அது மூழ்கும் அளவு தண்ணீரையும் சேர்த்து, அதை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சிறுதீயில் உருக்க வேண்டும். இரும்பு, பித்தளை, செம்புப் பாத்திரங்கள் மெழுகின் நிறத்தைக் கெடுக்கும் என்பதால் அவை வேண்டாம். நேரடித் தீயில் வைப்பதும் கூடாது. 200 டிகிரியைத் தாண்டினால் மெழுகின் ஆவி தீப்பற்றக்கூடியது. உருகியதைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி அசைக்காமல் ஆறவிட்டால், தண்ணீரின் மேல் வட்டத் தட்டாக உறைந்து நிற்கும். வடிகட்டலுக்குத் தப்பிய கசடு அந்தத் தட்டின் அடியில் சாம்பல் நிறப் படலமாகச் சேர்ந்திருக்கும். கத்தியால் சுரண்டிவிட்டால் மேலே இருப்பது முழுவதும் தெளிந்த மெழுகு. கிண்ணத்தை மீண்டும் சமையலுக்கு எடுக்க முடியாது என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சிறுமலைப் பக்கமும் கொடைக்கானல் கீழ்மலைப் பக்கமும் தேன் எடுத்து விற்பவர்களிடம் தேன் பிழிந்த அடையை வாங்கி மெழுகு எடுக்கலாம். மலைத்தேனீயின் அடை பெரியது. அதிலிருந்து வரும் மெழுகின் மணத்துக்கு ஈடாக மற்ற எதையும் சொல்ல முடியாது. ஊதும்போது மூக்கருகே அந்த மணம் நிற்பது ஒரு சுகம்தான். ஆயினும் ஒரு வளையத்துக்கு மெழுகு வேண்டுபவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூடை நிறைய அடை உருகினால் உள்ளங்கை அளவு மெழுகு வரும். தேன் முழுவதும் கழுவப்படாமல் இருந்தால் எறும்பு வரிசை கட்டும். உருக்காமல் அடையாகவே சில வாரங்கள் வைத்திருந்தால் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிட்டு, புழுக்கள் அடைக்குள் வலை பின்னிவிடும். நேரமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு உரிய மெழுகு இது.

டிஜெரிடூ பிறந்த மண்ணில் என்ன மெழுகு வைக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வட ஆஸ்திரேலியாவின் ஆர்னெம் நிலப்பகுதியில் வாழும் யோல்ங்கு மக்கள் யிடாக்கி என்று அழைக்கும் இக்கருவியை, கரையான் உள்ளே அரித்துக் குழலாக்கிய யூகலிப்டஸ் மரத்திலிருந்து செய்கிறார்கள். ஊதுவாய்க்கு அங்கே மரபாகப் பயன்படுவது, கொடுக்கில்லாத உள்நாட்டுத் தேனீக்களின் கருமையான மெழுகு. அந்தத் தேனீக்கள் மெழுகோடு மரப்பிசினையும் சேர்த்தே கூடு கட்டுவதால், அது ஒட்டும் தன்மை மிகுந்தது. நம் ஊரில் பழைய வீட்டுச் சுவர் வெடிப்பிலும் மரப்பொந்திலும் கூடு வைக்கும் கொசுத்தேனீயும், அந்தத் தேனீக்களில் பல அடங்கும் டெட்ராகோனுலா பேரினத்தைச் சேர்ந்ததே. அதன் மெழுகு கடையில் கிடைப்பதில்லை. கொசுத்தேன் எடுப்பவரிடம் கேட்டு வாங்கினால் கோலிக்குண்டு அளவு கிடைக்கும். கறுப்பாக, புளித்த பிசின் வாசனையோடு, விரலை விட்டு எளிதில் போகாததாக இருக்கும். முழு வளையத்தையும் அதில் செய்தால் நமது வெயிலுக்கு உதடு ஒட்டிக்கொள்கிறது. ஆனால் மூங்கிலின் வெட்டுவாயில் முதல் பூச்சாக மட்டும் தேய்த்து, அதன் மேல் நாட்டு மருந்துக் கடை மெழுகை வைத்தால், பிடிமானம் அபாரமாக இருக்கிறது. நான் சோதித்தவற்றுள் மிகச் சிறந்த சேர்க்கை இதுவே.

மெழுகைக் கெட்டிப்படுத்தக் குங்கிலியம் சேர்க்கலாமா என்ற கேள்வி வருவது இயல்பு. சுவாமிமலையில் ஐம்பொன் சிலைக்கு மெழுகு உரு பிடிக்கும் ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்தே உருக்குகிறார்கள். உரு கையில் வளையாமல் நிற்க அவர்களுக்கு அது தேவை. ஊதுவாயோ உதட்டில் படுவது. குங்கிலியத்தின் கசப்பு நாவில் தெரியும், மிகுந்தால் வளையம் சில்லுச்சில்லாக உடையும், வெந்நீர்ப் பாத்திரச் சூட்டில் அது ஒழுங்காகக் கரைவதும் இல்லை. ஆகவே வேண்டாம்.

இனி வடிவமைப்பு. மெழுகு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பாதி வேலை இங்கேதான். மூங்கிலின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, தூசி இல்லாமல் துடைத்து, ஈரமோ எண்ணெய்ப் பசையோ இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். தலைமுடி உலர்த்தும் கருவியால் விளிம்பை லேசாகச் சூடாக்கி, உருகிய மெழுகைத் தூரிகையால் மெல்லிய பூச்சாகத் தடவிவிட்டால், பின்னர் வைக்கும் மெழுகு அதோடு ஒன்றிக்கொள்ளும். பலர் இந்தப் பூச்சைத் தவிர்த்துவிட்டு, வளையம் இரண்டாம் நாளே கழன்று கையோடு வந்துவிட்டதாகக் குறைசொல்கிறார்கள்.

மெழுகுத் துண்டை 45 முதல் 50 டிகிரி வெந்நீரில், அதாவது கையை விட்டால் பொறுத்துக்கொள்ளக்கூடிய சூட்டில், சில நிமிடங்கள் போட்டு எடுத்து, வெடிப்பு ஒன்றும் தெரியாத வரை பிசைய வேண்டும். கோடையில் வெந்நீரே தேவையில்லை. முற்பகல் வெயிலில் மொட்டை மாடியில் தட்டில் வைத்தால் போதும். பிசையும்போது மடிப்புக்குள் தண்ணீர் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வளையத்தில் பிறகு அந்த இடம் பிளக்கும். பிசைந்ததைப் பலகையில் உருட்டி, சுண்டுவிரல் கனத்துக்குச் சற்றே மேற்பட்ட, 13 சென்டிமீட்டர் நீளமுள்ள திரியாக்கி விளிம்பைச் சுற்றி அமர்த்த வேண்டும். இரு முனைகளும் சேரும் இடத்தை ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்வாக வைத்து அழுத்தினால்தான் மூட்டு தெரியாமல் போகும். பின்பு கட்டைவிரலை ஈரப்படுத்திக்கொண்டு, மெழுகை வெளிப்புறமாக மூங்கிலின் மேல் ஒரு சென்டிமீட்டர் வரை இழுத்துத் தடவி, உட்புறமாக மெல்லச் சரிவாக இறக்க வேண்டும். விரல் ஈரமாக இருக்கும் வரை மெழுகு ஒட்டாது. காய்ந்துவிட்டால் செய்த வடிவம் விரலோடு பெயர்ந்து வரும்.

உள்விளிம்பு பணியாரக் குழியின் ஓரம்போல உருண்டு இறங்க வேண்டும். கூர்மையாக விட்டால் உதட்டில் வளையமாகத் தடம் விழும்; தட்டையாக விட்டால் உதட்டின் அதிர்வு அடைபட்டு ஒலி மந்தமாகும். அளவைப் பொறுத்தவரை 30 மில்லிமீட்டரில் தொடங்கி, ஊதிப் பார்த்து மாற்றுவது நல்லது. துளையைச் சுருக்கினால் எதிரழுத்தம் (ஊதும் காற்றுக்குக் குழல் தரும் எதிர்ப்பு) கூடி, கன்னத்துக் காற்றைத் தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்செடுக்கும் சுழல்மூச்சு எளிதாகும். அதே சமயம் உதடு இறுகி, ஆதார ஒலி நினையாத நேரத்தில் எக்காளம்போல் மேல்நிலைக்குத் தாவும். விரித்தால் ஒலி தளர்ந்து அகலும், மூச்சும் அதற்கேற்பச் செலவாகும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூட உதட்டுக்குத் தெரியும் என்பதால், மாற்றும்போது கட்டைவிரலால் ஒரே சுற்று மட்டும் அழுத்திவிட்டு மறுபடி ஊதிப் பார்க்க வேண்டும். வாயின் நடுவில் வைக்காமல் ஓரமாக வைத்து ஊதுபவர்கள் வட்டத்தைச் சற்றே நீள்வட்டமாக்கிக்கொள்ளலாம். எனக்கு வட்டம்தான் ஒத்துவருகிறது.

பராமரிப்பில் மதுரைக்காரர் கவனிக்க வேண்டியது வாகனம். வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் மெழுகின் உருகுநிலையை எட்டிவிட முடியும். வளையம் குழலுக்குள் வழிந்து உறைந்தால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. வீட்டில் ஊதுவாய் மேற்புறமாக இருக்கும்படி நிறுத்தி, தூசி படாமல் பருத்தித் துணியால் மூடினால் போதும். வேறொருவர் ஊதிய பிறகு ஈரத் துணியால் துடைக்க வேண்டும். வெந்நீரில் கழுவக் கூடாது. உதட்டுப் பதிவால் வடிவம் தளர்ந்துவிட்டால், வளையத்தைப் பெயர்த்து அதே மெழுகை மறுபடி பிசைந்து வைக்கலாம். கருத்து அழுக்கேறிய பின்னும் தூக்கிப் போட வேண்டியதில்லை, முன்போலத் தண்ணீரோடு உருக்கி வடிகட்டினால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும்.

கடைசியாக நான் வாங்கியபோது 100 கிராம் 90 ரூபாய். அதில் கசடு போனாலும் இரண்டு வளையங்களுக்குத் தாராளமாக வரும். கடைக்காரர்கள் 50 கிராமும் நிறுத்துத் தருகிறார்கள், ஆனால் அப்படிக் கேட்டால் பாளத்தை உடைக்காமல் பெட்டியின் அடியில் கிடக்கும் உதிரித் துண்டுகளை அள்ளிப் போடுவது வழக்கம். 100 கிராமாகக் கேட்டு, பாளத்தின் மேற்பகுதியிலிருந்து உடைத்துத் தரச் சொல்லி, தாளில் மடிக்கும் முன் நகத்தால் கீறிப் பார்த்து வாங்குங்கள். முற்பகலில் சுமை இறக்கும் வண்டிகள் வீதியை அடைத்துக்கொள்வதால், மாலை நான்கு மணிக்கு மேல் போனால் நின்று பார்த்து வாங்க இடம் இருக்கும்.